விரலுக்கும் மோட்டாருக்கும் நடுவே

விசையை அழுத்தினால் சுட வேண்டும். விரலை எடுத்தால் நிற்க வேண்டும். துப்பாக்கி என்று ஒன்று பிறந்த நாள் முதல் மனிதன் அதனிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். விளையாட்டுத் துப்பாக்கி என்பதற்காக அந்த எதிர்பார்ப்பு குறைந்துவிடுமா? குறையாது. ஆனால் மின்சாரத்தால் ஓடும் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி, எளிமையான இந்த இரண்டு கட்டளைகளையும் ஒழுங்காகக் கேட்பதற்கு, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றின் துணை தேவைப்பட்டது. அதுதான் டிரான்சிஸ்டர்.

டிரான்சிஸ்டர் என்றதும் மூத்த வாசகர்களுக்கு ஒரு வானொலிப் பெட்டிதான் நினைவுக்கு வரும். தோட்டத்து லயத்து வாசலில் பாடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்கு, உள்ளே ஒளிந்திருந்த ஒரு சிறு பாகத்தின் பெயரே பெயராகிவிட்டது. அங்கே அதன் வேலை ஒலியைப் பெருக்குவது. அதே பாகத்திற்கு இன்னொரு வேலையும் தெரியும். மின்சாரத்தைத் திறந்துவிடுவதும் அடைத்து வைப்பதும். சுருக்கமாகச் சொன்னால், அசையும் பாகம் எதுவுமில்லாத சுவிட்ச். இந்த இரண்டாவது வேலையின் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை.

ஜப்பானில் பிறந்த விளையாட்டு

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானில், பொதுமக்கள் கையில் துப்பாக்கி இருப்பதைச் சட்டம் கடுமையாகத் தடுத்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியையும் வாளையும் சேர்த்தே கட்டிப்போட்டது. ஆசை மட்டும் அடங்கவில்லை. அசலைப் போலவே தோன்றும் உலோக மாதிரித் துப்பாக்கிகள் கடைகளுக்கு வந்தன. அவற்றைக் காட்டி மிரட்டிக் குற்றம் செய்யவும் ஆட்கள் கிளம்பினார்கள். 1971இலும் 1977இலும் சட்டம் மேலும் இறுகியது. உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் வண்ணம் பூச வேண்டும், குழலை அடைத்துவிட வேண்டும் என்ற நிலை வந்தது.

உலோகத்தின் வழி அடைபட்டதும் பிளாஸ்டிக் முன்னுக்கு வந்தது. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உருண்டையைக் காற்றின் அழுத்தத்தால் தள்ளும் துப்பாக்கிகள் 1970களில் தலைகாட்டின. இன்று ‘ஏர்சாஃப்ட்’ என்று உலகம் அழைப்பது இதைத்தான். முதலில் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுட வேண்டியிருந்தது. பிறகு வாயுவால் இயங்கும் வகை வந்தது. தொடர்ச்சியாகச் சுட விரும்பியவர்கள் முதுகில் ஒரு வாயுக் குடுவையைச் சுமந்து, அதிலிருந்து துப்பாக்கிக்கு ஒரு ரப்பர்க் குழாயையும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பார்ப்பதற்குக் கொசு மருந்து அடிக்கப் புறப்பட்டவர்களைப் போலத்தான் இருந்திருக்கும்! குளிர்காலத்தில் வாயுவின் அழுத்தமும் இறங்கிவிடும்.

1991இல் தோக்கியோ மருயி என்ற பொம்மை நிறுவனம் இந்தக் குழாயை அறுத்தது. பிரெஞ்சு ராணுவத்தின் ஃபாமாஸ் துப்பாக்கியின் உருவில் அது கொண்டுவந்த பொம்மைக்குள் ஒரு பேட்டரியும் ஒரு மின் மோட்டாரும் இருந்தன. மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றும். பற்சக்கரம் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து, வலுவான சுருள்வில்லை அமுக்கும். பற்கள் முடிந்த இடத்தில் பிஸ்டன் விடுபட்டு முன்னே பாயும். அது தள்ளும் காற்று குண்டை வெளியே அனுப்பும். நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் இது திரும்பத் திரும்ப நடக்கும். வாயுவும் வேண்டாம், குழாயும் வேண்டாம். உலகம் முழுவதும் ஏர்சாஃப்ட் விளையாட்டின் முகத்தையே மாற்றியது இந்தப் பொறியமைப்புதான் என்றால் அது மிகையாகாது.

பொம்மைக்குள் ஒரு தீப்பொறி

இத்தனை புத்திசாலித்தனமான பெட்டிக்குள் ஒரே ஒரு பாகம் மட்டும் பழைய காலத்திலேயே நின்றது. விசைக்குப் பின்னால் இருந்த சுவிட்ச். இரண்டு செம்புத் தகடுகள், நடுவே நகரும் ஒரு துண்டு. விரல் இழுத்தால் தொடும், விட்டால் விலகும். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இந்தத் தகடுகள் வழியாகவே ஓடியாக வேண்டும்.

அது எவ்வளவு மின்சாரம்? மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில் சுவர் பிளக்கினுள் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். இந்தப் பொம்மையின் மோட்டார் வலுவான வில்லை இழுக்கும்போது 20 ஆம்பியர் வரைகூட எடுக்கும். மின்னழுத்தம் மிகக் குறைவு என்பதால் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் ஓடும் மின்சாரத்தின் அளவு சிறியதன்று. தொடக்கக் கணம் இன்னும் மோசம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கித் தன் பசியை அடக்கிக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு அந்த அடக்கம் கிடையாது. விசையை அழுத்திய கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை அது விழுங்கும்.

விரலை எடுக்கும்போது வேறு தொல்லை. மோட்டாரின் கம்பிச் சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்க மறுக்கும். விலகும் தகடுகளுக்கு இடையே உள்ள காற்றையே பாலமாக்கிக்கொண்டு பாயும். அதுதான் பொறி. ஒரு பொறியால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் பொறிகளுக்குப் பிறகு செம்பில் குழி விழும், கரி படியும். கரி படிந்த இடத்தில் தடை கூடும். தடை கூடிய இடம் சூடாகும். சூடான இடம் மேலும் கெடும். தகட்டின் தடை ஓர் ஓமில் நூறில் மூன்று பங்கு மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், 20 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 12 வாட் வெப்பம் பிறக்கும். சிறிய சால்டரிங் கோல் ஒன்றின் வெப்பத்தில் பாதி, பிளாஸ்டிக்கால் சூழப்பட்ட நகக்கண் அளவு இடத்தில்! கடைசியில் ஒன்று, அழுத்தினாலும் சுடாது. அல்லது தகடுகள் உருகி ஒட்டிக்கொண்டு, விரலை எடுத்தாலும் நிற்காது.

காரில் முன்பே நடந்த கதை

பழைய கார், மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ‘பாயிண்ட்’டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கிளப்பிய தலைமுறை அது. அதே குழி, அதே கரி, அதே காரணம். இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அந்த இரண்டு உலோக முனைகளே ஓயாமல் அறுத்து அறுத்து இணைத்தன.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1963இல் சில போண்டியாக் கார்களில் டிரான்சிஸ்டர் இக்னிஷனை விருப்பத் தேர்வாக வழங்கியது. 1973இல் கிறைஸ்லர் தன் கார்கள் அனைத்திலும் மின்னணு இக்னிஷனை நிலையாக்கியது. இந்த மாற்றத்தின் இடைக்காலத்தில் சுவையான ஓர் ஏற்பாடு இருந்தது. சில வண்டிகளில் பாயிண்ட் அப்படியே இருக்கும்; ஆனால் அது காயிலின் மின்சாரத்தைத் தொடாது. டிரான்சிஸ்டருக்கு ஒரு சிறு சைகை மட்டும் காட்டும். பாரத்தைச் சுமப்பது டிரான்சிஸ்டர். சுமை இறங்கியதும் பாயிண்ட் கருகுவதும் நின்றது.

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஏர்சாஃப்ட் ஆர்வலர்கள் தங்கள் பொம்மைக்குள் செய்ததும் அச்சு அசலாக இதுவேதான்.

கண்டுபிடித்தும் கவனிக்கப்படாத சுவிட்ச்

மின்புலத்தைக் கொண்டே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணம் டிரான்சிஸ்டர் பிறப்பதற்கும் முந்தியது. ஜூலியஸ் லிலியன்ஃபெல்ட் என்ற இயற்பியலாளர் 1925இலேயே கனடாவில் இதற்குக் காப்புரிமை கோரினார். எண்ணம் சரி, அதை வேலை செய்ய வைக்கும் அளவுக்குத் தூய்மையான பொருள் அன்று யாரிடமும் இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஷாக்லி 1945இல் முயன்றபோதும் கைகூடவில்லை. குறைக்கடத்தியின் மேற்பரப்பில் சிக்கிக்கொள்ளும் எலெக்ட்ரான்கள் மின்புலத்தை உள்ளே விடாமல் மறைத்துவிடுகின்றன என்று அவருடன் பணியாற்றிய ஜான் பார்டீன் காரணம் கண்டறிந்தார். அந்தத் தோல்வியைத் துருவிக்கொண்டிருந்தபோதுதான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும் 1947 டிசம்பரில் வேறு வகையான முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய எண்ணம் கைகூட இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. எகிப்தின் போர்ட் சைட் நகரில் பிறந்த முகம்மது அத்தாலா, சிலிக்கனின் மேல் ஆக்சைடு படலம் ஒன்றை வளர்த்து அந்தத் தொல்லை பிடித்த மேற்பரப்பை அடக்கினார். சோலில் பிறந்த டாவோன் காங் அவருடன் சேர்ந்தார். இருவரும் 1959இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதே ‘மாஸ்ஃபெட்’. ஆற்று மதகைப் போன்றது அது. மின்சாரம் ஓடும் பாதை ஒன்று. அதன் மேல் கண்ணாடியை ஒத்த மெல்லிய படலம். அதற்கும் மேலே ‘கேட்’ என்ற உலோகத் தகடு. தகட்டில் மின்னழுத்தம் வைத்தால் கீழே பாதை திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும். கேட் வழியாக மின்சாரம் உள்ளே புகுவதே இல்லை. உத்தரவு மட்டும்தான் புகும்!

பெல் ஆய்வுக்கூடம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைய மற்ற டிரான்சிஸ்டர்களைவிட இது மெதுவானது என்பது அவர்கள் கணக்கு. அத்தாலா சில ஆண்டுகளில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். இன்று கைத்தொலைபேசி ஒன்றுக்குள் கோடிக்கணக்கில் குவிந்திருப்பது அந்த மாஸ்ஃபெட்டின் வாரிசுகளே என்பதை நினைத்தால், பெரிய ஆய்வுக்கூடங்களும் கையில் இருப்பதைத் தவறவிடும் என்பது புரிகிறது.

ஆனால் கைத்தொலைபேசியில் இருப்பவை சுமக்கும் மின்சாரம் மிகமிகச் சிறிது. மோட்டாரை ஓட்ட அது போதாது. ஆயிரக்கணக்கான சிறு மாஸ்ஃபெட்டுகளை ஒரே சில்லில் பக்கம் பக்கமாக அடுக்கி, எல்லாம் சேர்ந்து ஒரே பாரத்தைத் தூக்கும்படி செய்ததுதான் ‘பவர் மாஸ்ஃபெட்’. 1970களின் கடைசியில் இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் நிறுவனம் தேன்கூட்டைப் போன்ற அறுகோண அறைகளோடு வெளியிட்ட ‘ஹெக்ஸ்ஃபெட்’ இந்த வகையில் பெயர் பெற்றது. அந்த நிறுவனத்தை 2015இல் ஜெர்மனியின் இன்ஃபினியோன் வாங்கியது. இன்ஃபினியோன் 2006 முதல் கெடா மாநிலத்துக் கூலிமில் பவர் சில்லுகளைத் தயாரித்து வருகிறது என்பது மலேசிய வாசகர்களுக்குக் கூடுதல் செய்தி.

இந்தத் துறையில் சென்னையில் பிறந்த ஒருவரின் பெயரும் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1969இல் பட்டம் பெற்ற ஜெயந்த் பாலிகா, பவர் மாஸ்ஃபெட்டை எந்தப் பொருளால் செய்தால் தடை எவ்வளவு குறையும் என்று கணிக்கும் அளவுகோலை வகுத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ரயில், மின்சாரக் கார் போன்ற பெரிய மோட்டார்களை ஆளும் ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சை உருவாக்கியதற்காக 2024இல் அவருக்குப் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது.

பொம்மைக்குள் நுழைந்த மாஸ்ஃபெட்

விளையாட்டு உலகத்திற்கு மாஸ்ஃபெட் வந்தது துப்பாக்கி வழியாக அன்று. ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார்கள் 1980களிலேயே அதை ஏற்றுக்கொண்டன. அதற்கு முன் அந்தக் கார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தது, தகட்டின் மீது தேய்ந்து நகரும் ஓர் உலோகக் கை. அதுவும் கருகியது. பந்தயக் காரும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியும் கேட்பது ஒன்றுதான்: சிறிய பேட்டரி, பசி மிகுந்த மோட்டார், நடுவே நம்பகமான சுவிட்ச். சால்டரிங் கோல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மற்றது எளிதாகப் பட்டது.

2000களில் பேட்டரியே மாறியது அவசரத்தைக் கூட்டியது. நிக்கல் காட்மியம் பேட்டரியின் இடத்தை லித்தியம் பாலிமர் பேட்டரி பிடித்தது. சிறியது, இலேசானது, கேட்ட மாத்திரத்தில் மின்சாரத்தை வாரி வழங்குவது. 8.4 வோல்ட்டுக்குப் பழகிய செம்புத் தகடு, 11.1 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கு முன்னால் வெகு சீக்கிரம் கருகியது.

சர்க்யூட் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. மோட்டாருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே ஒரு மாஸ்ஃபெட். விசையின் தகடுகளிலிருந்து வரும் மெல்லிய கம்பி, ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாக அதன் கேட்டில் போய்ச் சேரும். இப்போது விரல் இழுக்கும் தகடுகளில் ஓடுவது சில மில்லி ஆம்பியர் மட்டுமே. பொறி பறக்க அங்கே எதுவும் இல்லை. 20 ஆம்பியரையும் மாஸ்ஃபெட் தாங்கிக்கொள்ளும். நல்ல மாஸ்ஃபெட் ஒன்றின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்றால், பிறக்கும் வெப்பம் 0.8 வாட். கருகிய தகட்டின் 12 வாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு வைத்தால், நிற்க மறுக்கும் மின்சாரம் அதன் வழியாகச் சுற்றி அடங்கும்.

இன்னொரு ரெசிஸ்டர் உண்டு. விலை சில காசுதான். ஆனால் அதை மறந்தவர் பாடு திண்டாட்டம். கேட் என்பது ஒரு சிறு பாத்திரம்போல மின்னூட்டத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். விரலை எடுத்த பிறகும் அந்தத் தேக்கம் வடியாவிட்டால் மதகு திறந்தே கிடக்கும். துப்பாக்கி சுட்டுக்கொண்டே போகும். அதை வடித்துவிடுவதே அந்த ரெசிஸ்டரின் வேலை.

பிறகு மாஸ்ஃபெட்டுக்குப் புது வேலைகளும் வந்தன. விரலை எடுத்த உடனே மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால், மோட்டார் ஜெனரேட்டராக மாறித் தன்னைத்தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். இரண்டாவது மாஸ்ஃபெட் ஒன்று இதைச் செய்யும். ஒவ்வொரு குண்டாகச் சுடும்போது இரண்டாவது குண்டு தவறிப் போகாமலிருக்க இந்த ‘பிரேக்’ உதவும். மோட்டாரைக் கூடுதலாகச் சூடாக்கவும் செய்யும். போலந்தின் கேட் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்யும் ‘டைட்டன்’ போன்ற பலகைகளில் செம்புத் தகடே கிடையாது. விசையும் பற்சக்கரமும் இருக்குமிடத்தை ஒளி உணர்விகள் பார்த்துச் சொல்ல, ஒரு சிறு கணினிச் சில்லு மாஸ்ஃபெட்டுக்கு உத்தரவு கொடுக்கும்.

செத்தாலும் மூடாத மதகு

இவ்வளவு நல்ல சுவிட்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மின்விளக்கு பழுதானால் அணைந்துபோகும். மாஸ்ஃபெட் பழுதானால், பெரும்பாலும், திறந்த நிலையிலேயே சாகும். அதாவது பாதை நிரந்தரமாக இணைந்துவிடும். துப்பாக்கியைப் பொறுத்தவரை இதன் பொருள் என்ன? விசையில் யார் விரலும் இல்லாமலேயே மோட்டார் ஓடும், குண்டுகள் பாயும்.

சாக அதற்குப் பல வழிகள். கேட்டின் கீழே இருக்கும் படலம் மிக மெல்லியது. வழக்கமாக 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. வறண்ட நாளில் விரல் நுனியில் சேரும் நிலைமின்சாரமோ ஆயிரக்கணக்கான வோல்ட். பேட்டரியை முனை மாற்றிச் செருகினால், மாஸ்ஃபெட்டும் அந்த டயோடும் சேர்ந்து பேட்டரிக்கு நேர்வழி திறந்துவிட, எல்லாம் புகைந்துவிடும். பற்சக்கரம் எங்காவது சிக்கி மோட்டார் நின்றுபோனால், விரல் விலகும்வரை முழு மின்சாரமும் மாஸ்ஃபெட்டின் மேல் ஏறும். அதனால்தான் பேட்டரிக்கு அருகே ஒரு ஃபியூஸ் இருந்தாக வேண்டும். எடை குறையட்டும், வேகம் கூடட்டும் என்று ஃபியூஸைக் கழற்றி எறிபவர்கள், தங்களைக் காப்பாற்றும் கடைசி ஆளை வேலையை விட்டு நீக்குகிறார்கள்.

பிளாஸ்டிக் உருண்டைதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2005இல் ஜப்பானில் வலுக்கூட்டிய துப்பாக்கிகளால் ஓடும் கார்களைச் சுட்ட சம்பவங்கள் நடந்தன. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, 6 மில்லிமீட்டர் குண்டுக்கு ஒரு ஜூலுக்குச் சற்றுக் குறைவான ஆற்றலே உச்சவரம்பானது. 0.2 கிராம் குண்டு அந்த வரம்பிலேயே நொடிக்கு ஏறத்தாழ 99 மீட்டர் வேகத்தில் பாயும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அனுமதியில்லாமல் இத்துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். இணையத்தில் கிடைக்கிறதே என்று தருவித்துவிட்டுப் பிறகு காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிப் பயனில்லை.

அனுமதிக்கப்பட்ட நாடுகளின் விளையாட்டுத் திடல்களில் ஆட்டம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. குண்டுக் கூட்டைக் கழற்றி, தரையை நோக்கி ஒரு முறை சுட்டுப் பார்த்து, குழல் வாய்க்கு உறை மாட்டி, பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். செம்புத் தகட்டின் காலத்திலும் இதைச் செய்தார்கள். ஒளி உணர்வியும் கணினிச் சில்லும் வந்துவிட்ட துப்பாக்கியிலும் அந்தப் பிளக்கைக் கையால்தான் பிடுங்குகிறார்கள்.